கடன் வாங்கிக் கடன் கட்டும் மின்சார நிறுவனம்: என் பங்கை விற்றுவிடவா?

வாசகர் கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து எண்ணெய் ஆலையில் எடைப்பாலக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 64. தெனாகா நேஷனல் மின்சார நிறுவனம் 1992-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கொஞ்சம் பங்கு வாங்கினேன். பிறகு சேமநிதியில் எடுத்த பணத்திலும் கொஞ்சம் சேர்த்தேன். இன்று என் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. மின்சார, தண்ணீர் நிறுவனங்கள் பழைய கடனை அடைக்கப் புதிதாகச் சுக்குக் என்ற இஸ்லாமிய முறைக் கடன் பத்திரங்களை வெளியிடுகின்றன என்று பேப்பரில் படித்தேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. என் தம்பி, தன் மகள் கல்யாணத்துக்கு ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரனிடம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கி, அதை அடைக்க இன்னொருவரிடம் வாங்கி, கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டே போனான். ‘கடன் வாங்கிக் கடன் கொடுத்தானும் கெட்டான், மரம் ஏறிக் கைவிட்டானும் கெட்டான்’ என்பார்கள். பங்கை விற்றுவிடவா? என் மகனோ, “கம்பெனி செய்யலாம், நாம் செய்யக்கூடாதா?” என்று கேட்கிறான். வீட்டுக் கடனைப் புதுப்பித்துக் கூடுதலாகப் பணம் எடுத்து, கார்டு கடன் 30,000 வெள்ளியையும் கார் கடனையும் கட்டப் போகிறானாம். அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஐயா, வணக்கம்.

கடிதத்தோடு பேப்பர் துண்டையும் மடித்து வைத்திருந்தீர்கள். ‘பழைய கடனை அடைக்க’ என்ற சொற்களின் கீழே சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு. உங்கள் தம்பியை நினைத்துத்தான் அந்தக் கோடுகளைப் போட்டிருப்பீர்கள். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவர் வாங்கிய 5,000 வெள்ளி கல்யாணப் பந்தலோடு செலவாகிவிட்டது. மறுநாள் காலையில் அந்தப் பணம் அவருக்கு ஒரு வெள்ளிகூடச் சம்பாதித்துத் தரவில்லை. ஆனால் வட்டி மட்டும் வாரா வாரம் வாசலுக்கு வந்தது. இரண்டாவது கடன் வாங்கிய நாளில் அவர் கையில் நேரமும் இல்லை, பேரம் பேசும் நிலையும் இல்லை. கேட்ட வட்டிக்குத் தலையாட்டினார். அவரைக் கவிழ்த்தது இந்த மூன்றும் சேர்ந்துதான்: சம்பாதிக்காத செலவு, குறுகிய கெடு, கெடு முடிந்த பிறகு தேடிய கடன். ஒரு மின்சார நிறுவனம் கடனைப் புதுப்பிக்கும்போதும் இந்த மூன்றையும்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கடன் வாங்கிக் கடன் கட்டுகிறது என்ற செய்தியை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

உங்கள் ஊரிலிருந்து கோலகங்சார் போய், அப்படியே பேராக் ஆற்றோரமாக வடக்கே போனால் செண்டிரோ அணை வரும். 1930-இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் அது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்கக் கட்டினார்கள். ஈயச் சுரங்கங்கள் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அணை இன்றும் மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. மின்சாரத் தொழிலில் போடுகிற முதல் இப்படிப்பட்டது. முதல் நாளே மொத்தப் பணமும் வேண்டும். திரும்பி வருவதோ முப்பது, நாற்பது, சில இடங்களில் தொண்ணூறு ஆண்டுகளில், சென் சென்னாக.

தோட்டத்துக் கணக்கிலேயே பாருங்கள். பால்மரக் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். செம்பனையானாலும் காய் வெட்ட மூன்று வருடம் ஆகும். அப்புறம் இருபது, இருபத்தைந்து வருடம் பலன். மறுநடவுக்கு ஒரு மேனேஜர் இரண்டு வருடக் கெடுவில் கடன் வாங்கினால் என்ன ஆகும்? கன்று இடுப்பு உயரம் வருவதற்குள் பாங்க் ஆள் கேட்டுக்கு வந்துவிடுவான். மரம் நல்ல மரம்தான், மண்ணும் நல்ல மண்தான். கடனின் கெடு மட்டும் மரத்தின் ஆயுளுக்குப் பொருந்தவில்லை. மின் நிறுவனங்கள் நீண்ட காலக் கடனைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

“சரி, வருகிற வசூலில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து முடித்துவிட்டால் என்ன?” என்று கேட்பீர்கள். சிலவற்றை அப்படித்தான் அடைக்கிறார்கள். நம் மாநிலத்தின் மஞ்சோங்கிலேயே உதாரணம் இருக்கிறது. நான்காவது மின் உற்பத்திப் பிரிவுக்காக 2011-இல் 485 கோடி ரிங்கிட் சுக்குக் வெளியிட்டார்கள். அந்த ஒரு நிலையத்தின் வருமானத்தை நம்பிய கடன் அது. ஆகவே பல தொடர்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக முதிரும்படி அமைத்தார்கள். உங்கள் வீட்டுக் கடன் போல, காலப்போக்கில் கரைகிற கடன்.

ஆனால் நிறுவனம் முழுவதற்குமாக எடுக்கும் பத்திரங்கள் பெரும்பாலும் வேறு மாதிரி. பத்து ஆண்டுக்கு லாபப்பணம் மட்டும் கட்டுவார்கள். முதலைக் கடைசி நாளில் மொத்தமாகத் திருப்ப வேண்டும். (சுக்குக்கில் வட்டி என்று சொல்வதில்லை, லாப விகிதம் என்பார்கள். உங்கள் கேள்விக்கு அந்த வேறுபாடு தேவையில்லை.) 2016 அக்டோபரில் தெனாகா ஒரு துணை நிறுவனத்தின் மூலம் 75 கோடி அமெரிக்க டாலருக்குப் பத்தாண்டு சுக்குக் வெளியிட்டது, லாப விகிதம் 3.244 விழுக்காடு. அது 2026-இல் முதிரும் என்பது பத்திரம் அச்சான அன்றே எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவர்களும் இந்தப் பத்தாண்டுக்குள் நிறுவனம் உண்டியலில் சேர்த்து வைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. புதிய தாமான் குடியிருப்புகளுக்குக் கம்பி இழுக்க வேண்டும், பழைய மின்மாற்றிகளை மாற்ற வேண்டும். வசூலை எல்லாம் கடனுக்கே கட்டினால் இதற்குக் காசு ஏது? இன்றைய பில்லிலேயே எல்லாவற்றையும் வசூலித்தால், 2050-இல் அதே கம்பியில் விளக்குப் போடப்போகும் உங்கள் பேரனின் பங்கையும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

ஆகவே இந்தத் தொழிலில் புதுப்பிப்பது முதல் நாளே போட்ட திட்டத்தின் பகுதி. அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல நிர்வாகமும் கெட்ட நிர்வாகமும் பிரிகின்றன.

நல்ல நிதி மேலாளர் முதலில் பார்ப்பது தேதிகளை. பெரிய கடன்கள் ஒரே ஆண்டில் முதிராதபடி 2027-இல் கொஞ்சம், 2029-இல் கொஞ்சம், 2032-இல் கொஞ்சம் என்று பரப்பி வைப்பார். கடன் சந்தை என்பது நம் ஆற்றைப் போல. பெரும்பாலான நாள் முழங்கால் தண்ணீர்தான், சில நாள் கடக்கவே முடியாது. எல்லாக் கடனும் வெள்ள நாளில் முதிர்ந்தால் தொலைந்தோம். அடுத்து, கெடு நாள் வரை காத்திருக்கமாட்டார். ஆறு மாதம், ஒரு வருடம் முன்னதாகவே புதிய பணத்தைத் திரட்டி வைப்பார், அல்லது கேட்ட நேரத்தில் தருவதாக வங்கிகளிடம் கட்டணம் கட்டி எழுதி வாங்கி வைப்பார். தேவை இல்லாத நாளில் கட்டணம் கட்டுவது வீண்செலவு போலத் தெரியும். உங்கள் தம்பிக்கு இல்லாமல் போனது அந்த அவகாசம்தான், ஐயா.

வட்டி குறைந்த காலத்தில் பழைய கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு மலிவாக வாங்குவது புத்திசாலித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். 2020-இல் பேங்க் நெகாரா அடிப்படை வட்டியை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியபோது என்னிடமே பலர் கேட்டார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 50 கோடி வெள்ளிக் கடன், 5 விழுக்காடு, இன்னும் எட்டு ஆண்டு மீதி. புதிய கடன் 4 விழுக்காட்டில் கிடைக்கிறது. ஆண்டுக்கு 50 லட்சம் மிச்சம், எட்டு ஆண்டில் 4 கோடி. ஆனால் பழைய பத்திரத்தை வைத்திருப்பவர் சும்மா விடுவாரா? “எட்டு வருடத்துக்கு 5 விழுக்காடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், முன்னதாக முடித்தால் நட்ட ஈடு வேண்டும்” என்பார். பத்திரத்திலேயே அப்படி எழுதியிருக்கும். நட்ட ஈடும் வெளியீட்டுச் செலவும் சேர்ந்து 4 கோடியைத் தாண்டினால் அந்த வேலையே வேண்டாம். பெரும்பாலும் தாண்டிவிடும். அதனால்தான் கெடு நெருங்கிய கடன்களையே அதிகம் புதுப்பிக்கிறார்கள்.

இனி எனக்கே மனத்தில் தழும்பாக இருக்கிற விஷயம், எந்த நாட்டுப் பணத்தில் கடன் என்பது.

1998 ஜனவரியில் நான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இளநிலைக் கணக்காளராக இருந்தேன். பெயர் வேண்டாம். வருமானம் முழுவதும் ரிங்கிட்டில், கடனில் பாதிக்கு மேல் டாலரில். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. தினமும் காலையில் எங்கள் மேலாளர் போனில் டாலர் விலையைக் கேட்டு, முந்தைய நாள் எண்ணைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவார். துடைத்துத் துடைத்துப் பலகையில் அந்த ஓர் இடம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. 1997 நடுவில் 2.50 என்று இருந்த இடத்தில் 4.88 என்று எழுதிய நாளில் யாரும் சாப்பிட எழுந்து போகவில்லை. 10 கோடி டாலர் கடன் என்றால் 25 கோடி ரிங்கிட்டாக இருந்தது 48 கோடியே 80 லட்சம் ஆகிவிட்டது. ஒரு சென்கூடப் புதிதாகக் கடன் வாங்கவில்லை. செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று கட்டிவைத்த பிறகும் அது 38 கோடிதான்.

தெனாகாவும் அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணி நட்டத்தில் அடிபட்டது. நம் வீட்டு பில் ரிங்கிட்டில் வருகிறது, டாலர் ஏறியது என்று நாம் கூடுதலாகக் கட்டவில்லை. ஆனால் கடன் டாலரில் நின்றது. தெனாகா 1996-இல் எடுத்த டாலர் பத்திரம் ஒன்று 7.5 விழுக்காட்டில், நூறு ஆண்டுக் கெடு, 2096-இல் முதிர்கிறது. அதை வெளியிட்டபோது இருந்த ரிங்கிட் மதிப்பு இரண்டே ஆண்டில் தலைகீழானது. கெடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் நாணயம் பொருந்தாவிட்டால் கடன் கடிக்கும் என்பதை நான் அங்கே கற்றேன். உள்நாட்டில் ரிங்கிட் சுக்குக் சந்தை பெரிதாக வளர்ந்தது நமக்குக் கிடைத்த நல்ல காப்பு. ஊழியர் சேமநிதியும் காப்புறுதி நிறுவனங்களும் நீண்ட காலப் பத்திரங்களைத் தேடி வாங்குகின்றன. சேமநிதியில் உங்கள் பணம் இன்னும் இருந்தால், மின் நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். தீபகற்பத்தில் மின் கட்டணத்தைத் தெனாகா தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. எரிசக்தி ஆணையத்தின் ஒழுங்குமுறைப்படி, கம்பிகளிலும் துணைமின் நிலையங்களிலும் போட்ட முதலுக்கு இத்தனை விழுக்காடு வருமானம் என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை முடிவாகிறது. 2025 முதல் 2027 வரை 7.3 விழுக்காடு. கடன் கொடுத்தவருக்கான வட்டியும் உங்களைப் போன்ற பங்குதாரருக்கான ஆதாயமும் இதற்குள் அடங்கும். எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும் செம்பனை வருமானத்தைவிட இது நிதானமானது. கடன் கொடுப்பவர் பயமில்லாமல் இருபது வருடத்துக்குக் கொடுப்பதும் அதனால்தான். எரிபொருள் விலை ஏற்றம் தனிக் கணக்கு. 2022-இல் நிலக்கரி விலை எகிறியபோது அதை முதலில் நிறுவனம் கையிலிருந்து போட்டுப் பிறகு வசூலிக்க வேண்டியிருந்ததால், குறுகிய காலக் கடன் கூடியது. அப்படி ஓராண்டு கடன் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பல ஆண்டு தொடர்ந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

கட்டணத்துக்கு ஆணையம் இருந்தாலே நிறுவனம் பத்திரமாக இருந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். லண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் தேம்ஸ் வாட்டருக்கு நிலையான வாடிக்கையாளர்களும் ஆணையமும் உண்டு. ஆனால் கடனை மலைபோல் ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் கணிசமான பகுதி விலைவாசியோடு சேர்ந்து வளரும் கடன். விலைவாசி ஏறியது, கடனும் வீங்கியது. 2025 பிப்ரவரியில் 300 கோடி பவுன் வரை அவசரக் கடனுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது, வட்டி 9.75 விழுக்காடு. உங்கள் தம்பியின் இரண்டாவது கடன் நினைவுக்கு வருகிறதா? இடம் பெரியது, தொகை பெரியது, நிலைமை அதேதான்.

இப்போது உங்கள் கையில் ஒரு வேலை தருகிறேன். முப்பது வருடம் எடைச்சீட்டுப் பார்த்த கண் உங்களுடையது, இது உங்களுக்குக் கடினமே இல்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மகனை இறக்கித் தரச் சொல்லுங்கள். பின்பகுதியில் ‘பாரோயிங்ஸ்’ என்று தலைப்பிட்ட குறிப்பு இருக்கும். அதில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது எவ்வளவு, ஐந்தாண்டுக்கு அப்புறம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஓராண்டுக்குள் என்ற எண்ணைக் கையிருப்புப் பணத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே ரிங்கிட்டில் எவ்வளவு, டாலரிலும் யென்னிலும் எவ்வளவு என்று இருக்கும். பிறகு லாபநட்டக் கணக்குக்குப் போய், வட்டிக்கு முந்தைய லாபம் வட்டிச் செலவைப்போல் எத்தனை மடங்கு என்று வகுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். குறுகிய கடன் பெருகி, வெளிநாட்டுக் கடன் பெருகி, அந்த மடங்கு சுருங்கிக்கொண்டே வந்தால் அன்று பயப்படுங்கள்.

பங்குக்கு வருகிறேன். புதுப்பிக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக விற்காதீர்கள். ஆனால் வேறொரு காரணத்துக்காகக் கொஞ்சம் விற்கச் சொல்வேன். 64 வயதில் சேமிப்பின் மூன்றில் ஒரு பங்கு ஒரே நிறுவனத்தில் இருப்பது அதிகம், அது எவ்வளவு நல்ல நிறுவனமானாலும் சரி. தெனாகாவின் பெரிய பங்குதாரர்களில் சேமநிதியும் ஒன்று. ஆகவே அந்த வழியிலும் உங்கள் பணம் அங்கேதான் நிற்கிறது. ஒரே நாளில் வேண்டாம், ஒன்றரை வருடத்தில் மூன்று நான்கு தடவையாக, மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். சேமநிதியில் மீதி இருப்பதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். 2024-க்கு அது 6.30 விழுக்காடு லாப ஈவு தந்தது.

மகன் கேட்டது நியாயமான கேள்வி. பாதிக்கு ஆம், பாதிக்கு இல்லை.

கார்டு கடனுக்கு 18 விழுக்காடு வரை போகும். 30,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 5,400 வெள்ளி வட்டி. வீட்டுக் கடன் 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதே தொகைக்கு 1,200. மாற்றுவது நல்லதுதான். ஆனால் அந்த 30,000-ஐ இருபத்தைந்து வருடத்துக்கு இழுத்தால், மாதம் 158 வெள்ளிதான் என்று சுகமாக இருக்கும், முடிவில் வட்டி மட்டும் 17,500 வெள்ளி போயிருக்கும். அதையே ஐந்து வருடத்தில் முடித்தால் மாதம் 553 வெள்ளி, மொத்த வட்டி சுமார் 3,150. ஐந்து வருடத்தில் கட்டும் சக்தி இருந்தால் செய்யட்டும், புதிய கடன் கைக்கு வந்த அன்றே கார்டுகளையும் ரத்து செய்யட்டும். கார் கடனை இதில் சேர்க்கவே வேண்டாம். பத்து வருடத்தில் ஓய்ந்துபோகும் வண்டிக்கு இருபத்தைந்து வருடம் பணம் கட்டுவது, நான் சொன்ன மறுநடவுக் கணக்கைத் தலைகீழாகப் போடுவது.

வங்கியிடம் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது, பழைய கடனை முன்னதாக முடித்தால் அபராதம் உண்டா, வக்கீல் செலவும் முத்திரை வரியும் மதிப்பீட்டுக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்பதுதான். அதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். குழப்பமாக இருந்தால் ஏகேபிகே-க்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. கடன் அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எடுத்துப் போகட்டும்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? மகன் பெயரில் மட்டும் என்றால் மேலே சொன்னது போதும். உங்கள் பெயரும் சேர்ந்திருந்தால், அல்லது உங்களை ஜாமீன் போடச் சொன்னால், எதிலும் கையெழுத்துப் போடாமல் வங்கி கொடுத்த கடிதத்தின் நகலோடு எனக்கு இன்னொரு முறை எழுதுங்கள்.